வெயில்பூ வேர் பிடிக்கும்வரை

தண்ணீர் லாரிக்காரர் வீட்டுத் தோட்டத்தில் நட்டிருந்த வெயில்பூச் செடி முதல் தடவையாக இடம் மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தக்காளி விலை ஏறியிருந்த வாரம் அது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மாலைவரை துணிக்கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற செடி, விடிந்து பார்த்தபோது மேற்குச் சுவரோரம் நின்றது. பிடுங்கி நட்ட தடம் எதுவும் இல்லை. பழைய இடத்திலிருந்து புது இடம்வரை மண்ணில் ஒரு கோடு மட்டும் இருந்தது, கனமான பெட்டியை யாரோ இழுத்துக்கொண்டு போனதுபோல. லாரிக்காரர் பூனைமேல் பழியைப் போட்டார். எந்தப் பூனை குழி தோண்டி, செடியை நட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தும்விட்டுப் போகும் என்று தையல் மிஷினின் முன்னால் உட்கார்ந்தபடியே அவர் மனைவி கேட்டாள். மகள் அளவு நாடாவை எடுத்து வந்து, கோட்டின் நீளத்தை அளந்து, உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மகளுக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். தவழும் வயதிலேயே வாசலைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் அகப்பட்டவள் அவள். வளர்ந்து படித்து, நில அளவை வேலைக்குப் போனாள். சாலை போடும் கம்பெனிக்காரர்களுக்கு எங்கே வளைய வேண்டும், எங்கே நேராகப் போக வேண்டும் என்று கோடு கிழித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு சாலை முடிந்தால் அடுத்த ஊர், அது முடிந்தால் இன்னோர் ஊர். இரண்டு சாலைகளுக்கு நடுவில் வீட்டுக்கு வருவாள். பெட்டியைப் பிரிக்கவே மாட்டாள். மேலாக இருக்கும் நாலு துணியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. லாரிக்காரரே கால் தரிக்காத மனிதர். தண்ணீர் லாரிக்கு முன்பு சரக்கு லாரி ஓட்டியவர். கல்யாணமான மூன்றாம் நாளே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியவர். அந்த வீட்டில் கிளம்புகிறவர்களிடம் யாரும் 'இரு' என்று சொல்வதில்லை. வண்டியில் கால் வைக்கிறவனைத் தடுத்தால் போகிற காரியம் உருப்படாது என்று சரக்கு லாரிக் காலத்தில் யாரோ சொல்லிவைத்தது, நாளடைவில் வீட்டுச் சட்டமாகிவிட்டது. 'பார்த்துப் போங்க' என்பாள் மனைவி. 'பார்த்துப் போ' என்பார் இவர் மகளிடம். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் போய், ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, கையசைத்துவிட்டு வருவார். வந்தபிறகு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. அந்த இரண்டு நாளும் லாரியின் கிளட்ச்தான் திட்டு வாங்கும்.

இந்தத் தடவை பம்பரம் வந்தபோது பெட்டியோடு ஒரு பழைய பெயிண்ட் வாளியும் இருந்தது. வாளிக்குள் கல்லும் மண்ணுமாக ஒரு செடி. சாம்பல் பூத்த இலைகள், இலைமேல் பூனைக்குட்டி முதுகு மாதிரி மெல்லிய முடி. சாலையை அகலப்படுத்தக் கிழித்த கோட்டுக்குள் அது அகப்பட்டுக்கொண்டதாம். கோட்டைக் கிழித்தவளே அவள்தான். புல்டோசர் வந்து நின்றபோது அவளுக்கே மனசு கேட்காமல், கடப்பாரை வாங்கி மத்தியானம்வரை தோண்டி எடுத்து வந்துவிட்டாள். அங்கே வேலை பார்த்தவர்கள் அதை வெயில்பூ என்று சொன்னார்கள். மற்றச் செடியெல்லாம் வாடிப்போய் விழுகிற கோடையில்தான் அது பூக்கும். மழைக்காலத்தில் செத்ததுபோல் மண்ணுக்குள் போய்விடும். மறு கோடையில் அதே வேரிலிருந்து திரும்பி வரும். இப்படிப் பல வருஷம் வாழும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தோட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டி, உள்ளே இருந்த நல்ல கறுப்பு மண்ணை அள்ளி வெளியே கொட்டி, உடைந்த செங்கல்லையும் சரளைக்கல்லையும் உள்ளே போட்டாள். நல்ல மண்ணை எறிந்துவிட்டுக் குப்பையைப் போடுகிறாளே என்று லாரிக்காரருக்கு வயிறு எரிந்தது. எரு வேண்டாம் என்றாள். நிழல் வேண்டாம் என்றாள். கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து சொன்னாள்:

"தண்ணி மட்டும் ஊத்திடாதீங்கப்பா. இது வறண்ட மண்ணோட செடி, நம்மளை நம்பி முளைச்சது இல்ல. வேர் பிடிக்கிற வரைக்கும் நான் இருக்கேன், பார்த்துக்கிறேன்."

லாரிக்காரர் காதில் விழுந்தது 'இருக்கேன்' என்ற ஒரு சொல்தான். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

அவர் தண்ணீரிலேயே ஊறிய மனிதர் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊரில் குழாய்கள் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காலை வெளிச்சம் வருவதற்குள் லாரியை நிரப்பிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். பெண்கள் குடங்களோடு ஓடிவருவார்கள். யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் வீட்டில் படுக்கையில் கிடக்கிறவர் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் விரல்கள் எப்போதும் சுருங்கியே இருக்கும். சட்டை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. கொடியில் ஒரு நாள் முழுக்க வெயிலில் தொங்கினாலும் மடித்துவைக்கும்போது சொட்டும். அவர் மனைவி அதற்காகவே அலமாரிக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருந்தாள். அப்படிப்பட்டவர் ஒரு செடியைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி? திங்கட்கிழமை மாலை முகம் கழுவிய கையோடு குவளையில் மிச்சமிருந்ததைத் தன்னை அறியாமல் செடியின் காலடியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். செடி நகர்ந்தது அதனால்தான். ஈரத்தை விட்டு விலகி, காய்ந்த இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டது.

இது அவருக்குப் புரிவதற்கு இன்னும் இரண்டு குவளை தண்ணீர் செலவாயிற்று. புரிந்த அன்று லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர் தெருவோரம் நிறுத்திவிட்டார். வேர் பிடித்தால் மகள் போய்விடுவாள். செடி செத்தாலும் போய்விடுவாள். ஆனால் நடந்துகொண்டே இருக்கிற செடி வேரும் பிடிக்காது, சாகவும் செய்யாது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன, அவருக்குக் கேட்கவில்லை. மனிதருக்குப் புத்தி கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மகள் கையால் ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடிக்கிற காலைகள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற ஆசையே போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் காலையில் லாரியைக் கிளப்பும் முன் ஒரு குவளையோடு தோட்டத்தைச் சுற்றிவரத் தொடங்கினார். கோடை வெயிலில் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். செடி மட்டும் வேறு இடத்தில் நிற்கும். மேற்குச் சுவரிலிருந்து சமையலறை ஜன்னலடிக்கு, அங்கிருந்து பழைய டயர்களுக்குப் பின்னால், அங்கிருந்து கழிவறைப் பக்கம். தெருவுக்கு இது சீக்கிரம் பழகிவிட்டது. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று விசாரிப்பார். வாளியில் அடைந்து வந்த செடிக்குக் கால் மரத்துப்போயிருக்கும், நடந்தால் நல்லதுதான் என்று அபிப்பிராயமும் சொல்வார். அவர் சர்க்கரை வியாதிக்காரர். எல்லோரும் நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பம்பரம் இருந்தாள். ஒரு வாரம் கடந்து, ஒரு மாதம் கடந்து, இருந்தாள். கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோதெல்லாம் செடி இன்னும் நிலைக்கவில்லை என்று பதில் சொன்னாள். அவர்களும் அதை உடம்பு சரியில்லை என்பதைப் போலவே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள். லாரிக்காரர் அதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஆனால் அவள் கால்கள் பெட்டியைப் பிரிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தாள். வாசலிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து பின்கதவுக்கு, மறுபடி வாசலுக்கு. கட்டிலை இடம் மாற்றினாள். ஒரு வாரத்தில் அதை மறுபடி மாற்றினாள். அரிசி டப்பா இருந்த இடத்தில் பருப்பும், பருப்பு இருந்த இடத்தில் ஊசி நூலும் இருந்தன. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் பொத்தான் என்று நினைத்துக் கொத்துமல்லி விதையைச் சட்டையில் வைத்துத் தைத்துவிட்டாள். பம்பரம் நடந்து நடந்து கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு பள்ளம் விழுந்தது, மாட்டுவண்டித் தடம் போல. வீட்டைக் கூட்டும்போது குப்பை தானாக அந்தப் பள்ளத்தில் சேர்ந்தது. அந்த மட்டும் சௌகரியம் என்று அம்மா சொன்னாள்.

செடியும் இளைத்தது. ஒவ்வொரு தடவை நகரும்போதும் இரண்டு மூன்று இலைகளை வழியில் விட்டுவிட்டுப் போயிற்று. பூக்க வேண்டிய மாதம் வந்து, கடந்தும் போயிற்று. ஒரு மொட்டுகூட இல்லை. மகளின் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. சாப்பிடும்போதும் அவள் நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள். லாரிக்காரர் இதையெல்லாம் பார்க்கத்தான் செய்தார். பார்த்தும், மறுநாள் காலை கை தானாகக் குவளையைத் தேடியது. நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைத்தார். அவருக்கும் தூக்கம் போயிற்று. லாரியில் ஏறினால் இறங்கத் தோன்றும், இறங்கினால் ஏறத் தோன்றும். தண்ணீர் கொடுக்கிற தெருக்களை மாற்றி மாற்றிப் போய், ஒரே தெருவுக்கு இரண்டு முறை கொடுத்துவிட்டு இன்னொரு தெருவை அப்படியே மறந்தும் போனார்.

மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தையல் மிஷின் ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. தையல்காரியின் கண் துணியில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் தையல் தெரியாதவர்கள். ஒரு நாள் அவர் குவளையோடு திரும்பி வரும்போது மிஷினை நிறுத்தினாள்.

"செடி ஓடுது ஓடுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க. விரட்டுறது நீங்கதானே?"

அவள் மறுபடி மிஷினை ஓட்டத் தொடங்கினாள். உள்ளே மகள் நடக்கிற சத்தமும் மிஷின் சத்தமும் சேர்ந்து கேட்டன. அன்றைக்குக் குவளையைக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் லாரி எடுத்தார். அடுத்த நாள் காலை, கம்பெனியிலிருந்து பெரிய சாலை ஒன்றுக்கு மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியவந்தது. குவளையை மறுபடி நிமிர்த்தினார்.

அப்போது செடி கேட்டோரம் நின்றிருந்தது. தோட்டத்தில் அவர் நனைக்காத இடமே பாக்கி இல்லை. ஊற்றினார். இதுவரை செடி நகர்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்குப் பட்டப்பகலில், அவர் முன்னாலேயே அது கிளம்பியது. முதலில் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு மண் மெதுவாக விலகி, வெளுத்த வேர் ஒன்று வெளியே வந்து, தரையைத் தடவிப் பார்த்துவிட்டு ஊன்றிக்கொண்டது. அடுத்த வேர் வந்தது. முட்டி வலிக்காரர் படியிறங்குவதுபோலக் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் இலை உதிர்ந்தது. தெருமுனையைப் பார்த்து, சாலை இருக்கிற திசையில் அது போயிற்று. மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரை ஓரங்கட்டி வழிவிட்டார். லாரிக்காரர் கையில் காலிக் குவளையோடு பின்னால் போனார். போகாதே என்று அதைப் பிடித்து நிறுத்தக் கை நீட்டினார். கை ஈரமாக இருந்தது. செடி இன்னும் வேகமாக நடந்தது. அந்த இடத்தில்தான் அவருக்கு அவமானம் தாங்கவில்லை. தன் கை பட்டாலே ஓடுகிற அளவுக்கு ஓர் உயிரை ஆக்கிவிட்டோமே என்று தெருவிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தபோது மகள் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். நில அளவைக்காரிக்கு நனைந்த மண்ணையும் காய்ந்த மண்ணையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதா? முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் இருந்தாள். சொல்வார், இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டு, தரை பள்ளமாகும்வரை நடந்தாள்.

"இருன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு இவ்வளவு தண்ணியாப்பா வேணும்?"

அவர் வாயைத் திறந்தார். சரக்கு லாரிக் காலத்திலிருந்து தொண்டையிலேயே கிடந்த சொல் அது. வெளியே வர வழி தெரியாமல் முதலில் இருமலாக வந்தது. பிறகுதான் சொல்லாக வந்தது.

"இரு" என்றார். "இரும்மா. போகாத."

அவர் மகளைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் செடியும் நின்றது. தெருவில், வழக்கமாக அவர் லாரி நிறுத்துகிற இடத்தில், வெயில் நன்றாக விழுகிற காய்ந்த மண்ணில் நின்றது. நின்ற இடத்திலேயே வேரை உள்ளே இறக்கியது. மகள் வந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்ததை அம்மா அன்றுதான் பார்த்தாள். அவர் சட்டை அன்றைக்கு முதல்முறையாகக் காய்ந்தது.

செடியை மறுபடி தோண்டி எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் முன்பக்கச் சுவரை இடித்து, செடியையும் உள்ளே சேர்த்துச் சுற்றிக் கட்டினார்கள். செங்கல் கொஞ்சம் குறைந்தது, மருந்துக்கடைக்காரர் கொடுத்தார். லாரி தெருமுனைக்குக் குடிபோயிற்று. சீசன் முடிந்துபோய், மற்ற ஊர்களிலெல்லாம் பூத்து உதிர்ந்தபிறகு, வெயில்பூ நிதானமாகப் பூத்தது. பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். நடுப்பகலில் சுட்ட செங்கல்லின் வாசனை. பூத்துக் காய்ந்த தண்டுகளை மகள் தரையோடு நறுக்கிவிட்டு, பெட்டியை அடுக்கினாள். வேர் பிடித்துவிட்டது, பெரிய சாலை காத்திருந்தது. பஸ் நிலையத்தில் லாரிக்காரர் ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், பஸ் கிளம்புகிற சத்தத்துக்கு மேலே கத்தி, "இரும்மா" என்று சொன்னார். கேட்கிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள், போனாள். இந்தத் தடவை அவருக்குச் சோறு இறங்கியது.

மழைக்காலத்தில் செடி மண்ணுக்குள் போய்விட்டது. செத்துவிட்டது என்றார்கள் தெருவில். அவர் அந்த இடத்தில் ஒரு செங்கல்லை அடையாளமாக வைத்துவிட்டு லாரி ஓட்டப் போனார். கோடை வந்ததும் செங்கல்லைத் தள்ளிக்கொண்டு முளைத்தது. அதே வாரத்தில், பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரத்திலிருந்து மகள் போன் செய்து, தன் வாடகை அறையின் பின்படிக்கட்டுப் பக்கத்தில் வெயில்பூ ஒன்று முளைத்திருக்கிறது என்று சொன்னாள். இங்கே மொட்டு விட்டால் அங்கேயும் விட்டது. ஓர் ஆடு வந்து இங்கே ஒரு கிளையைக் கடித்தபோது அங்கேயும் ஒரு கிளை குறைந்தது. வேர் எந்த வழியாகப் போயிற்று என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. அவள் கோடு கிழித்த சாலைக்கு அடியிலேயே போயிருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதை எல்லோரும் சரியென்று எடுத்துக்கொண்டார்கள். அவள் ஊர் மாறினாள், அங்கேயும் முளைத்தது. இப்படி ஒவ்வொரு கோடையாகப் போய்க்கொண்டிருந்தது. லாரிக்காரருக்குத் தலை நரைத்தது, ஊரில் குழாய்களில் மறுபடி தண்ணீர் வந்தது, லாரிக்கு வேலை குறைந்தது. குவளை சமையலறையில் டீ கலக்கப் பயன்பட்டது.

பிறகு ஒரு நாள் காலை, வாசலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெயில்பூ ஒரு சாண் தள்ளி நின்றது. அது முந்தின நாள் நின்ற இடத்தில் மண் நனைந்திருந்தது. மழை இல்லை. அவர் ஊற்றவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்து, குனிந்து, ஈர மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். நேற்று இரவு போனில் மகள் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

"அங்க ஊத்தியிருக்கா. வாங்கன்னு சொல்ல அவளுக்கும் வாய் வராது" என்றாள். "உங்க பொண்ணுதானே."

அரைமணி நேரத்தில் தையல் மிஷினுக்கு உறை போட்டாயிற்று. பாதி தைத்த சீருடைகளைக் கட்டிவைத்தாயிற்று. லாரிக்காரர் லாரித் தொட்டியிலிருந்த தண்ணீரைத் தெருச் சாக்கடையில் திறந்துவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாகக் காலி லாரியோடு ஊரை விட்டுக் கிளம்பினார். மனைவி சாவியைக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனாள். இவ்வளவு காலையில் எங்கே பயணம் என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். செடி நகர்ந்திருக்கிறது, மகளைப் போய்ப் பார்க்கிறோம் என்று சொன்னாள். அவர் எட்டிப் பார்த்து, ஆமாம், ஒரு சாண் இருக்கும் என்று தலையாட்டினார்.

"பாலை என்ன பண்ணட்டும்? வாங்கி வைக்கவா, வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் லாரியில் ஏறினாள். மருந்துக்கடைக்காரர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பால்காரரிடம் சொல்வதற்காகத் தெருமுனைப் பக்கம் நடந்தார்.